ஆளுமைச் சோதனை செய்யப் போகிறீர்களா? முதலில் ஒரு கொப்பியை எடுங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்கள் பிள்ளைகளுக்கு நீளமானவை. திருகோணமலையில் என் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் காலத்தில்தான் போனில் ஆளுமைச் சோதனை செய்கிறார்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை மட்டும் நின்றாள். திரையை என் பக்கம் திருப்பி, “ரீச்சர், இதில இருக்கிறது அப்பிடியே நான்தான். இவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது.

எனக்கும் ஒரு காலத்தில் அதே கேள்வி இருந்தது. விண்ணப்பித்த வேலை ஒன்றுக்கும் பதில் வராத நாட்களில், நடு இரவில் ஒரு சோதனை செய்தேன். ‘உங்களைப் புரிந்துகொள்பவர்கள் குறைவு’ என்ற வரியைக் கண்டதும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அப்புறம் இரண்டு வருடம், என் வகை என்று சோதனை தந்த நாலு எழுத்தை அடையாள அட்டை போல வைத்திருந்தேன். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் ‘நான் இன்ட்ரோவெர்ட்’ (உள்முகமானவள்), மேடையில் பேசக் கேட்டாலும் அதே பதில். வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு மறுபடி செய்து பார்த்தேன். உள்முகமா வெளிமுகமா என்று சொல்லும் முதல் எழுத்தே மாறியிருந்தது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதுதான்: பத்து நிமிடத்துக்கு முன் நாமேதான் அவர்களிடம் சொன்னோம். நாம் சொன்னதைச் சோதனை அடுக்கி, வடிவான வசனமாக்கித் திருப்பித் தருகிறது. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் நாம் சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு மாலை நேரம், உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

எந்தச் சோதனை?

பிள்ளைகளிடம் அதிகம் புழங்குவது நாலு எழுத்து, 16 வகை கொண்டது. இதன் வேர் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளில் இருக்கிறது. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் அவற்றை எடுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேள்வித்தாளாக்கினார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்ல. அதுதான் எம்பிடிஐ. போனில் இலவசமாகச் செய்யும் 16பெர்சனாலிட்டீஸ் அந்த எம்பிடிஐ அல்ல. எழுத்துகள் ஒன்றுதான், ஆனால் அது ஐந்தாவதாக ஓர் எழுத்தையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது.

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது பிக் ஃபைவ். 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வர்ணிக்கும் சொற்களாகக் கிட்டத்தட்ட 18,000ஐப் பொறுக்கினார்கள். பின்வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்து பண்புகளுக்குக் கொண்டுவந்தார்கள்: புதியதை நாடுதல், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இங்கே வகை கிடையாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு என்ற அளவு மட்டும் வரும். லூயிஸ் கோல்ட்பர்க் தொடங்கிய பொதுக் கேள்வித் தொகுப்பிலிருந்து ஜோன் ஜோன்சன் தயாரித்த ஐபிஐபி-நியோ சோதனை இணையத்தில் இலவசம். 120 கேள்வி, 300 கேள்வி என்று இரண்டு அளவில் உண்டு. 120 போதும்.

ஆட்களை ஒன்பது எண்ணாகப் பிரிக்கும் எனியாகிராம் என்ற சோதனையும் இருக்கிறது. கதைக்க நல்லது, ஆனால் ஆய்வுப் பலம் குறைவு. என் ஆலோசனை, முதலில் பிக் ஃபைவ். ஆசை இருந்தால் அப்புறம் 16 வகை.

ஒரு எச்சரிக்கை. முடிவைக் காட்டுவதற்கு முன் பேஸ்புக் கணக்கால் உள்ளே வரச் சொன்னால், போன் நம்பர் கேட்டால், விட்டுவிடுங்கள். 2018இல் வெளியான, கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் ஓர் ஆளுமைச் சோதனையில் தொடங்கியதுதான். சோதனை செய்தவர்களின் நண்பர்களது விபரங்களும் சேர்ந்தே போயின. 8.7 கோடிப் பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது.

கொப்பி வேலை

சோதனைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். முடிவை வாசித்த பிறகு செய்தால் பயன் பாதிதான். கடந்த ஒரு மாதத்தில் நடந்த ஏழு எட்டுச் சம்பவங்களை எழுதுங்கள். பெரிய சம்பவம் தேவையில்லை. என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். ‘நான் பொறுமையாக’, ‘நான் வெட்கத்தோடு’ என்று குணத்தைச் சொல்லும் சொற்களை வைக்காதீர்கள். என் கொப்பியில் உள்ள ஒன்று இது:

“சனி பின்னேரம், மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள். நாலரைக்குப் போனேன். குசினியில் பெரியம்மாவோடு இருந்து பற்றிஸ் மடித்தேன். ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்துவது என் வேலை. அறுபது எழுபது பற்றிஸ் முடியும்வரை கதைத்துக்கொண்டே இருந்தோம். கேக் வெட்ட ஹோலுக்கு வரச் சொன்னார்கள். தலையிடி என்றேன். தலையிடி இல்லை.”

இதை எழுதியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. முடிவு வந்த பிறகுதான் இதன் பெறுமதி தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த பக்கத்தில், வீட்டில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், எதைச் சொல்லி ஏசுவார்கள் என்று எழுதுங்கள். அகராதியைப் புரட்டியவர்களுக்கு 18,000 சொல் கிடைத்தது என்றால் நம் வீடுகளில் மட்டும் குறைச்சலா? முன்கோபி, வாய்க்காரி, வெகுளி, அவசரக்குடுக்கை, கல்லுளிமங்கன், தொட்டாற்சிணுங்கி, ஊமைக்கொட்டான். இந்தச் சொற்களை யோசித்துப் பாருங்கள். ஒருவரும் தன்னைத் தானே கல்லுளிமங்கன் என்று சொல்வதில்லை. எல்லாம் பக்கத்தில் இருப்பவர் வைத்த பெயர்கள். சோதனையிலோ நம் வாய்ச் சொல் மட்டும்தான் போகிறது. இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டால் மற்றவர் சொல்லும் கையில் இருக்கும்.

கேள்வியை நம்மூருக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலும் கேள்விகள் ஆங்கிலத்தில் வரும், அல்லது இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில் வரும். சொல் விளங்கினாலும் அதன் பின்னால் இருக்கிற வாழ்க்கை வேறு. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள்.

‘பார்ட்டியில் பலரோடு பேசுவேன்’ என்ற வகைக் கேள்வி பல சோதனைகளில் வரும். நமக்குப் பார்ட்டி எது? கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஒன்றுகூடல். கலியாண வீட்டில் ஒரு பெண்பிள்ளை பெரியவர்களுக்கு முன் வாய் திறக்காமல் இருப்பது வளர்ப்பு. அதை வைத்து இன்ட்ரோவெர்ட் என்று முடிவு கட்டக்கூடாது. அதே பிள்ளை டச்பே கடற்கரையில் தோழிகளோடு இருக்கும்போது எப்படி என்று கேளுங்கள். விதி ஒன்றும் இல்லாத இடத்தில் நீங்கள் எப்படி என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

‘என் அறை ஒழுங்காக இருக்கும்’ என்று இன்னொன்று. ஐந்து பேர் படுக்கும் அறையில் ‘என் அறை’ எது? அப்படியானால் உங்கள் புத்தகப் பையை, வகுப்புக் கொப்பிகளை நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

இன்னொரு வகைக் கேள்வியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ‘மற்றவர்களின் நோக்கத்தைச் சந்தேகிப்பேன்’, ‘மோசமானது நடக்கும் என்று பயப்படுவேன்’. எங்கள் ஊரில் இடம்பெயர்ந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வாழ்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். என் அம்மா இன்றைக்கும் நிலாவெளிப் பக்கம் போனால் முதலில் உள்ளே ஓடும் பாதையைத்தான் பார்ப்பார். அம்மாவிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் புள்ளி உயரும். அந்த உயரம் பிறவிக் குணமா, அனுபவம் கற்றுக்கொடுத்த நிதானமா என்று சோதனை பிரித்துச் சொல்லாது. அப்படிப்பட்ட கேள்விக்கு உண்மையான பதிலையே கொடுங்கள். ஆனால் கொப்பியில் அந்தக் கேள்வியையும் ஒரு வரிக் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரோடு ஒப்பிட்டுப் பதில் சொல்கிறோம் என்பதும் பெரிய விஷயம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது, ஒவ்வொன்றின் சூடும் வேறு வேறு. கூடிய சூட்டில் குளித்துவிட்டுப் பக்கத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றினால் அது குளிர்ந்த தண்ணீர் போல இருக்கும். நேரே அதற்குப் போயிருந்தால் சுடுகிறது என்றிருப்போம். அமைதியான குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை கொஞ்சம் கதைத்தாலும் தன்னை வாயாடி என்று போடுகிறது. ஆறு சகோதரங்களுக்குள் கடைசியாகப் பிறந்த பிள்ளை, நாள் முழுக்கக் கதைத்தாலும் தன்னை அமைதி என்று போடுகிறது. ஆகவே உங்கள் வகுப்பில் உங்கள் வயதில் உள்ள எல்லோரையும் மனதில் வைத்து, அவர்களுக்குள் நான் எங்கே என்று யோசியுங்கள்.

பதில் சொல்லும்போது

சண்டை பிடித்த இரவில் செய்யாதீர்கள். பசியில், பரீட்சைக்கு முதல்நாள், காதல் முறிந்த வாரம், வேண்டாம். காலையோ பின்னேரமோ, சாப்பிட்ட பின், ஒரே இருப்பில் செய்யுங்கள்.

‘மிகவும் பொருந்தும்’ தொடங்கி ‘சற்றும் பொருந்தாது’ வரை பெரும்பாலும் ஐந்து படி இருக்கும். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த முறை இது. நடுப்படி, இரண்டும் சரிசமமாக நடக்கிறது என்பதற்கு உரியது. யோசிக்கச் சோம்பல் வந்தால் அமுக்குவதற்கல்ல. ஒரே விஷயம் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் வரும். ‘வேலையை உடனே தொடங்குவேன்’, பத்துக் கேள்வி கழித்து ‘வேலையைத் தள்ளிப்போடுவேன்’. எதற்கும் ஆம் சொல்லும் பழக்கத்தைச் சமன்செய்யத்தான் அப்படி வைக்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் முழுதாக வாசியுங்கள்.

ஒரு பதிலை அமுக்கும்போது மனதுக்குள் ‘நான் இப்படி இருக்கிறேன்’ என்று ஓடுகிறதா, ‘நான் இப்படி இருக்க வேண்டும்’ என்று ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் விரலை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் அப்படி இருந்த ஒரு நாளை நினையுங்கள். நாள் ஒன்றும் ஞாபகம் வராவிட்டால் படியைக் குறையுங்கள். நான் பல கேள்விகளில் இப்படிக் குறைத்திருக்கிறேன். ‘நான் கோபப்படுவது அரிது’ என்பது அவற்றில் ஒன்று.

முடிவு வந்ததும்

எழுத்தைப் பார்க்க முன் எண்ணைப் பாருங்கள். 16 வகையில் உள்முகம் 53 வீதம் என்று வந்தாலும் 91 வீதம் என்று வந்தாலும் ஒரே எழுத்துத்தான் கிடைக்கும். ஆனால் 53 காரருக்குக் கிட்ட இருப்பவர் 47 காரர்தான். மனிதர்களில் பெரும்பாலானோர் இந்த அளவுகோல்களில் நடுவுக்குக் கிட்டத்தான் நிற்கிறார்கள். கோடு நடுவில் விழுவதால், இரண்டு கேள்விக்குப் பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும். ஐந்து வாரம் கழித்து எம்பிடிஐயை மறுபடி செய்தவர்களில் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 45க்கும் 55க்கும் இடையில் எது வந்தாலும் அந்த எழுத்தை அடைப்புக்குள் போடுங்கள். என் நாலு எழுத்தில் இரண்டு அடைப்புக்குள் போயின.

அப்புறம் விளக்கத்தை வரி வரியாக வாசியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். வாசிக்கும்போது மனம் உருகும், அது இயல்பு. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ‘சில நேரம் கலகலப்பானவர், சில நேரம் ஒதுங்குபவர்’ என்ற மாதிரி. அதை யார்தான் இல்லை என்பார்? எனக்கு அழுகை வரவைத்த வரியும் அந்த வகைதான். என் வகுப்பில் அந்த வரியை வாசித்து, யாருக்குப் பொருந்தும் என்று கேட்டேன். கை தூக்காதவர் ஒருவரும் இல்லை. அழுத நேரத்தில் என் வேதனை உண்மை. ஆனால் அந்த வரி என்னைப் பற்றியது அல்ல.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று குறிகளில் ஒன்று. கொப்பியில் அதற்குச் சாட்சியாக ஒரு சம்பவம் இருந்தால் சரி. கேட்க நன்றாக இருக்கிறது, சம்பவம் இல்லை என்றால் கேள்விக்குறி. சம்பவம் எதிராகச் சொன்னால் பிழை. அப்புறம் ஒரு வேலை: உங்கள் வகைக்கு நேர் எதிர் வகையின் விளக்கத்தையும் எடுத்து அதே போலக் குறி போடுங்கள். அங்கேயும் நிறையச் சரி விழுந்தால், இரண்டு இடத்திலும் சரி விழுந்த வரிகளை வெட்டிவிடுங்கள். அவை எல்லோருக்கும் பொருந்துபவை. மிஞ்சுகிற வரிகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றிஸ் கதை இங்கேதான் உதவியது. முடிவு ‘ஆட்களோடு இருந்தால் களைத்துப்போவீர்கள்’ என்றது. என் கொப்பியிலோ, குசினியில் இரண்டு மணித்தியாலம் ஓயாமல் கதைத்துவிட்டுக் களைக்காமல் இருந்திருக்கிறேன். ஹோலுக்குள் போகத்தான் பொய் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கஷ்டம் ஆட்கள் அல்ல, எல்லோரும் பார்க்க நிற்பது. கையில் ஒரு வேலை இருந்தால் எத்தனை பேரோடும் இருப்பேன். வகுப்பில் வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேருக்கு முன் எப்படி நிற்கிறேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. இந்த விஷயத்தை எந்த விளக்கமும் எனக்குச் சொல்லவில்லை. விளக்கத்தோடு ஒத்துவராத ஒரு சம்பவம் சொன்னது.

இன்னொருவரிடம் கேளுங்கள்

நம் பதற்றம், பயம் போன்ற உள்ளே நடப்பதை நாமே நன்றாக அறிவோம். ஆனால் கெட்டித்தனம் போல, நம்மைப் பற்றி நல்லதாக நினைக்க ஆசைப்படும் விஷயங்களில் நண்பர்களின் கணிப்பே திறம் என்று உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கேட்கிற முறை முக்கியம். ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்றால் ‘நல்ல பிள்ளை’ என்றுதான் பதில் வரும். முடிவையும் காட்டாதீர்கள், காட்டினால் தலையாட்டிவிடுவார்கள். சோதனையில் வந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ‘நான் இதுக்கு என்ன போட்டிருப்பேன்?’ என்று கேளுங்கள். நான் அம்மாவிடம் கேட்டபோது அவர் கிணற்றடியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ‘நான் கோபப்படுறது குறைவு’ எண்டதுக்கு நான் என்ன போட்டிருப்பன்?”

“ஓம் எண்டு போட்டிருப்பாய்.” செதில் சுரண்டுகிற கை நிற்கவில்லை. “நீ கத்த மாட்டாய். ஆனா கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு என்ர முகத்தைப் பாக்க மாட்டாய். அது கோவமில்லையே?”

கத்துவதுதான் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். சாட்சி தேடியபோது இரண்டு படி குறைத்திருந்தேன். அம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் அதுவும் காணாது. கொப்பியில் அம்மாவின் வசனத்தை அப்படியே எழுதினேன்.

எதற்குப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது

ஆறு வாரம் கழித்து, பழைய பதில்களைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். இரண்டு தடவையும் மாறாமல் நின்றதை மட்டும் உங்களுடையது என்று எடுக்கலாம். அதுவும் கல்லில் வெட்டியது அல்ல. வயது ஏற ஏறப் பொறுப்பும் இணக்கமும் சராசரியாகக் கூடுவதையும் மனக்கலக்கம் குறைவதையும் நீண்டகால ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 19 வயதில் வந்த முடிவை வைத்து 40 வயதுக்குத் திட்டம் போட முடியாது.

உயர்தரத்துக்குக் கலையா வர்த்தகமா என்று இதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். எந்தப் பாடத்தில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறீர்கள் என்பது இதைவிட நல்ல சாட்சி. மாப்பிள்ளை பெண்ணுக்கு வகைப் பொருத்தம் பார்ப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அதற்கும் வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பாவிப்பது அதைவிடப் பிழை. எனக்கு ஒரு நேர்முகத் தேர்வில் நாலு எழுத்தைக் கேட்டு, ‘இந்த வேலைக்கு நீங்கள் சரிவர மாட்டீர்கள்’ என்றார்கள். எம்பிடிஐயைப் பரப்புகிற அமைப்பே அதை ஆள் தெரிவுக்குப் பாவிக்கக் கூடாது என்கிறது. யாராவது கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மனக்கலக்கப் புள்ளி உயர்வாக வந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால், சோதனையை மூடிவிட்டு ஒரு வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கொப்பி கொடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து வந்தாள். அவளை அழவைத்த பந்திக்குப் பக்கத்தில் நிறையக் கேள்விக்குறி. ஒரே ஒரு பிழைக் குறி, கடும் அழுத்தமாக. ‘நீங்கள் முரண்பாட்டைத் தவிர்ப்பவர்’ என்ற வரிக்கு எதிரே. கொப்பியைத் திறந்து காட்டினாள். கிண்ணியாவிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கிழவிக்கு மிச்சக் காசு கொடுக்காமல் விட்டதற்குக் கொண்டக்டரோடு தர்க்கப்பட்டு, அறுபது ரூபாயை வாங்கிக் கிழவியின் கையில் கொடுத்திருக்கிறாள். நாலே வரியில் எழுதியிருந்தாள்.

“ரீச்சர், அப்ப நான் எந்த வகை?” என்று கேட்டாள். அந்த நாலு வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். ‘அறுபது ரூபாய்’ என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.